மோட்டார் சைக்கிளில் மின்சாரம் சுற்றி வரும் வழி

புதிதாகக் கட்டி முடித்த ஒரு மோட்டார் சைக்கிளைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சட்டகம் முழுவதும் பளபளக்கும் புதுப்பூச்சு. புதிய பேட்டரி. விளக்குகள் எல்லாம் நன்றாக எரிகின்றன. ஆனால் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சுழலவில்லை. அதற்குப் பதிலாக, கைப்பிடியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் கிளட்ச் கேபிளிலிருந்து புகை கிளம்புகிறது!

கிளட்ச் கேபிள் வெறும் எஃகுக் கம்பி. அதற்கும் மின்சாரத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பின் அது ஏன் சூடேறியது? இது கற்பனைக் கோளாறு அன்று. கையால் கட்டும் மோட்டார் சைக்கிள்களில் உண்மையாகவே நேர்வது. இதன் காரணத்தைத் தெரிந்து கொண்டால், மோட்டார் சைக்கிளின் மின் இணைப்புகளில் பாதியைப் புரிந்து கொண்டதாகிவிடும்.

தாமே கட்டிக்கொள்ளும் வண்டி

தொழிற்சாலையில் வாங்கிய வண்டியை வெட்டி, ஒட்டி, தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. தேவையற்ற உறுப்புகளை வெட்டி எறிந்து கட்டுவதால் இத்தகைய வண்டிக்கு ‘சாப்பர்’ என்ற பெயர் வந்தது. 1969-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ என்ற திரைப்படம் இதை உலகறியச் செய்தது. பின்னால் இரு சக்கரங்களைப் பொருத்தி, வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினை வைத்துக் கட்டிய ‘டிரைக்’ என்னும் மூன்று சக்கர வண்டிகளும் தோன்றின.

பழைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் காலால் உதைத்துக் கிளப்பப்பட்டவை. அவற்றின் மின் இணைப்பு எளிமையானது. ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் பெரிய இரட்டை உருளை வண்டிகளில் மின் ஸ்டார்ட்டரை 1965-ஆம் ஆண்டின் ‘எலெக்ட்ரா கிளைடு’ வண்டியில்தான் கொண்டு வந்தது. 6 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் அமைப்பும் அதனுடன் வந்தது. இன்று கட்டப்படும் வண்டிகள் ஏறக்குறைய அனைத்துமே 12 வோல்ட் வண்டிகள்தாம்.

தொழிற்சாலை வண்டியில் கம்பிகளின் கட்டு முழுதாகத் தயாராக வந்துவிடும். கையால் கட்டும் வண்டியிலோ ஒவ்வொரு கம்பியையும் கட்டுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கம்பி எவ்வளவு தடிமன், எந்த இடத்தில் உருகி, எங்கே எர்த் என்பனவற்றை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அவற்றை இயற்பியல்தான் சொல்லித் தர வேண்டும்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஒரு கருவியின் வழியே சென்று எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி இல்லையேல் ஓட்டமே இல்லை. இதைத்தான் மின்சுற்று என்கிறோம். பள்ளியில் ஒரு மின்கலத்தையும் ஒரு சிறு விளக்கையும் இரு கம்பிகளால் இணைத்துப் பார்த்திருப்பீர்கள்.

மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பிகள் போடுவது வீண் என்று கருதி, திரும்பும் வழியாக இரும்புச் சட்டகத்தையே பயன்படுத்துகிறார்கள். பேட்டரியின் எதிர்முனை ஒரு தடித்த கம்பியால் சட்டகத்துடன் இணைக்கப்படுகிறது. பட்டறைகளில் இதைத்தான் ‘எர்த்’ என்கிறார்கள். பூமிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டி அது. சட்டகம் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான திரும்பு கம்பி, அவ்வளவுதான்.

எனவே வண்டியிலுள்ள எந்த மின்சுற்றையும் இந்த வரிசையில் வரைந்துவிடலாம்: பேட்டரி, உருகி, ஸ்விட்ச், கருவி, சட்டகம், மீண்டும் பேட்டரி. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் இந்த வளையத்தை வரைந்து பாருங்கள். வரைய முடியாத சுற்றைப் பொருத்தவும் முடியாது.

முதலில் கணக்கு

கம்பியைத் தொடுமுன் ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கணக்கிட வேண்டும். வாட் எண்ணை வோல்ட் எண்ணால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

முகப்பு விளக்கு 60 வாட் என்றால், 60-ஐ 12-ஆல் வகுக்க 5 ஆம்பியர். பின்விளக்கு 5 வாட். அரை ஆம்பியருக்கும் குறைவு. பிரேக் விளக்கு 21 வாட், 1.75 ஆம்பியர். ஒரு பக்கத்துத் திருப்பக் குறி விளக்குகள் இரண்டும் தலா 10 வாட் என்றால் சேர்ந்து 1.7 ஆம்பியர். ஹார்னுக்குச் சுமார் 3 ஆம்பியர். ஸ்பார்க் பிளக்கிற்கு உயர் மின்னழுத்தம் தரும் பற்றவைப்புச் சுருளுக்குச் சுமார் 40 வாட், அதாவது 3.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மானி விளக்குகளுக்கு 3 வாட்.

இரவில் ஓடும்போது இடைவிடாமல் செலவாவது முகப்பு விளக்கு, பின்விளக்கு, மானி விளக்கு, பற்றவைப்பு ஆகிய நான்குக்கும் சேர்த்து 108 வாட். அதாவது 9 ஆம்பியர். பிரேக்கும் திருப்பக் குறியும் ஹார்னும் ஒரே நேரத்தில் இயங்கினால் மொத்தம் 15 ஆம்பியரைச் சற்றே தாண்டும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பட்டியலில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அது தனி இனம். சில நொடிகளே ஓடினாலும், பெரிய எஞ்சினைச் சுழற்ற 100 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும்.

கம்பியின் தடிமன்

1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் ஒரு மீட்டர் நீளத்திற்குச் சுமார் 0.018 ஓம் மின்தடை உண்டு. பரப்புப் பாதியானால் தடை இரட்டிக்கும்.

முகப்பு விளக்குக்கு ஸ்விட்ச் வழியாகச் செல்லும் கம்பியின் நீளம் 3 மீட்டர் என்போம். அரை சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் அதன் தடை 0.108 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 0.54 வோல்ட் இழப்பு. ஸ்விட்சுகளிலும் இணைப்பிகளிலும் இன்னும் கொஞ்சம் போய், மொத்த இழப்பு 1.2 வோல்ட் ஆகிவிட்டது என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தம் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் ஒளியில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். இருளில் சாலைப் பள்ளம் கண்ணில் படுவதற்கும் படாமல் போவதற்கும் இந்த வேறுபாடு போதும். அதே வழியில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் கம்பியில் இழப்பு 0.18 வோல்ட் மட்டுமே.

இன்னொன்று: வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றை இழைக் கம்பி இங்கே ஆகாது. எஞ்சினின் அதிர்வில் அது ஒரே இடத்தில் வளைந்து வளைந்து முறிந்துவிடும். பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியே வேண்டும். முனைகளை ஈயப் பற்று வைப்பதைவிட, உரிய கருவியால் நெருக்கிப் பிடிக்கும் இணைப்பிகளே நல்லவை. பற்று ஊறிய இடத்தில் கம்பி விறைத்துப்போய், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வினால் ஒடியும்.

உருகி யாரைக் காக்கிறது?

பட்டறையில் ‘பியூஸ்’ எனப்படும் உருகி விளக்கைக் காப்பதற்காக வைக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையில் காப்பது கம்பியை.

முக்கால் சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்று சட்டகத்தின் கூரிய விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து, இரும்பைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். பேட்டரியிலிருந்து அந்த இடம்வரை ஒரு மீட்டர். கம்பியின் தடை 0.024 ஓம், பேட்டரியின் உட்தடை சுமார் 0.02 ஓம். ஓமின் விதிப்படி மின்னோட்டம் 250 ஆம்பியரைத் தாண்டும். அந்த ஒரு மீட்டர் கம்பியில் தோன்றும் வெப்பம் 1500 வாட்டுக்கு மேல். அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம். ஆனால் அந்தக் கம்பியிலுள்ள தாமிரமோ வெறும் 7 கிராம்! ஒரு நொடிக்குள் அது பல நூறு டிகிரி சூடேறி, மேலுறை உருகித் தீப்பற்றும். இருக்கைக்கு அடியில் கம்பிக் கட்டு; சற்று முன்னால் பெட்ரோல் தொட்டி. நினைத்துப் பாருங்கள்.

ஆகவே முதன்மை உருகியைப் பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பே கிடையாது. நம் கணக்கில் மொத்தம் 15 ஆம்பியர் வந்தது. எனவே 20 ஆம்பியர் உருகியும், அதைத் தாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பொருந்தும். அதன்பின் பற்றவைப்புக்கு ஒன்று, முகப்பு விளக்குக்கு ஒன்று, மற்ற விளக்குகளுக்கும் ஹார்னுக்கும் ஒன்று என 10 ஆம்பியர் உருகிகள் மூன்று.

ஏன் பிரிக்க வேண்டும்? ஒரே உருகியாக இருந்தால், பின்விளக்குக் கம்பி ஒன்று உரசியதற்காக முகப்பு விளக்கும் எஞ்சினும் சேர்ந்து அணைந்து, ஓட்டுபவர் இருட்டில் நடுச்சாலையில் நிற்க நேரும்.

5 ஆம்பியர் விளக்குக்கு 10 ஆம்பியர் உருகி ஏன் என்றும் கேட்கலாம். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை, ஒளிரும்போது உள்ள தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். எனவே ஸ்விட்சைப் போட்ட கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்து, உடனே தணியும். அந்த ஒரு கணத்தை உருகி பொறுத்துக்கொள்ள வேண்டும். அதே வேளையில் உருகியின் அளவு கம்பி தாங்கும் அளவை ஒருபோதும் மீறக் கூடாது. உருகி அடிக்கடி போகிறது என்று பெரிய உருகியையோ வெள்ளித் தாளையோ வைப்பது, கம்பியையே உருகியாக்கிவிடும் வேலை.

ஸ்விட்சுகள் பேசும் தருக்கம்

பிரேக் விளக்கைப் பாருங்கள். முன்பிரேக்கில் ஒரு ஸ்விட்ச், பின்பிரேக்கில் ஒரு ஸ்விட்ச். இரண்டில் எதை அழுத்தினாலும் விளக்கு எரிய வேண்டும். ஆகவே இரண்டும் பக்க இணைப்பில் இருக்கும். ‘இது அல்லது அது’ என்பது இதன் பொருள்.

எஞ்சினை உடனே நிறுத்தும் ஸ்விட்சும் சாவி ஸ்விட்சும் தொடர் இணைப்பில் இருக்கும். இரண்டும் மூடியிருந்தால்தான் பற்றவைப்புக்கு மின்சாரம். ‘இதுவும் அதுவும்’ என்பது இதன் பொருள். வண்டி கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழன்று வண்டி பாய்ந்துவிடாதபடி, கிளட்ச் ஸ்விட்சையோ நியூட்ரல் ஸ்விட்சையோ ஸ்டார்ட்டர் பொத்தானுடன் சேர்ப்பதும் இதே முறையில்தான். கணிப்பொறியின் அடிப்படையான தருக்கம் ஒரு மோட்டார் சைக்கிளிலேயே இருக்கிறது அல்லவா?

சிறியது பெரியதை ஆளும் ரிலே

100 ஆம்பியரைக் கட்டைவிரலளவுப் பொத்தான் வழியே அனுப்ப முடியாது. அதன் தொடுமுனைகள் எரிந்து ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் ரிலே உதவுகிறது. ஒரு கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி, ஓர் இரும்புத் தகட்டை இழுத்து, பெரிய தொடுமுனைகளை மூடும். பொத்தான் சுருளை மட்டும் இயக்கும். பெருமின்னோட்டம் பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியே நேராக மோட்டாருக்குப் போகும். அந்தக் கேபிளில் வழக்கமாக உருகி இருப்பதில்லை. ஆகவே அது குட்டையாகவும், எதிலும் உரசாதபடி ரப்பர் உறையுடனும் இருக்க வேண்டும்.

முகப்பு விளக்குக்கும் ஒரு சிறிய ரிலே வைப்பது நல்லது. அதன் சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவே போதும். விளக்கின் 5 ஆம்பியர், கைப்பிடி ஸ்விட்ச் வரை சென்று திரும்பாமல் குறுக்கு வழியில் போகும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்ற எண்களைக் காணலாம். இவை டி.ஐ.என். 72552 என்ற ஜெர்மானியத் தரத்தின் எண்கள். 30-க்கு உருகி வழியாகப் பேட்டரி, 87-லிருந்து விளக்கு, 86-க்கு ஸ்விட்ச், 85-க்கு எர்த். இந்த நான்கையும் தெரிந்து கொண்டால் எந்த ஊர் ரிலேயையும் இணைத்துவிடலாம்.

செலவழித்ததை ஈட்டுவது

எஞ்சினுடன் சுழலும் நிலைக் காந்தங்கள், அசையாமல் நிற்கும் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. பேட்டரிக்கு வேண்டியதோ நேர்த்திசை மின்னோட்டம். பெரும்பாலான வண்டிகளில் மூன்று கம்பிகளில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை டயோடுகள் திருத்தி அனுப்புகின்றன. அதே பெட்டியிலுள்ள சீராக்கி, மின்னழுத்தம் 14.5 வோல்ட்டைத் தாண்டாமல் காக்கிறது. பல வண்டிகளில் மிகுதி மின்சாரம் வெப்பமாகவே வெளியேற்றப்படுகிறது. ஆகவே அந்தப் பெட்டியை அழகுக்காக இருக்கைக்கு அடியில் ஒளித்து வைக்காமல், காற்றுப்படும் இடத்தில் பொருத்த வேண்டும்.

மின்னாக்கி தரும் அளவு நம் 9 ஆம்பியரைவிடக் குறைவாக இருந்தால், மீதி பேட்டரியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் இரவு அது தீர்ந்துவிடும். சோதனை எளிது. எஞ்சின் நிற்கும்போது முழு மின்னேற்றமுள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13-ஐ எட்டாவிட்டால் மின்னேற்றம் நடக்கவில்லை; 15-ஐத் தாண்டினால் பேட்டரி நீர் கொதித்து வற்றும்.

கிளட்ச் கேபிள் ஏன் புகைந்தது?

இப்போது நம் புதிருக்கு வருவோம். எஞ்சின் அதிர்வு சட்டகத்தில் தெரியாமலிருக்க அது ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்த்தப்பட்டிருந்தது. எஞ்சோடு ஒட்டிய ஸ்டார்ட்டருக்கு வந்த மின்னோட்டம் திரும்ப வேண்டிய வழி எஞ்சினின் உடல், அங்கிருந்து சட்டகம். ஆனால் இடையில் ரப்பர். புதுப்பூச்சும் சேர்ந்து மறித்தது. எஞ்சினையும் சட்டகத்தையும் இணைக்கும் எர்த் பட்டையைப் போட மறந்துவிட்டார்கள். மின்னோட்டம் கிடைத்த வழியைப் பிடித்துக்கொண்டது: எஞ்சின், கிளட்ச் கேபிள், கைப்பிடி, சட்டகம். எஃகின் தடை தாமிரத்தைவிடப் பல மடங்கு அதிகம். மெல்லிய அந்த எஃகுக் கம்பி மின்னடுப்பின் சுருள் போலச் சூடேறியது.

விளக்குகள் மட்டும் எப்படி எரிந்தன? அவற்றின் வழி சட்டகத்தோடு முடிந்துவிட்டது. எஞ்சின் வரை போக வேண்டியதில்லை.

எர்த் இணைப்பு அடியோடு இல்லாமல் போக வேண்டும் என்பதுகூட இல்லை. அரைகுறையாக இருந்தாலே போதும். வண்ணப்பூச்சின் மேல் இறுக்கிய ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்ளுங்கள். 5 ஆம்பியர் விளக்குக்கு அங்கே அரை வோல்ட்தான் இழப்பு; கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 100 ஆம்பியர் ஓட வேண்டுமானால் அந்த ஓரிடத்தைக் கடக்கவே 10 வோல்ட் வேண்டும்! மோட்டாருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. விளக்கு நன்றாக எரிகிறதே, பேட்டரிதான் சரியில்லை போலும் என்று புதுப் பேட்டரி வாங்குவோர் பலர். வோல்ட்மானியின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையைப் பூச்சில்லாத எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்திப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த்.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. எர்த் இணைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் இறுக்கி, துருப்பிடிக்காதபடி மேலே கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு தடித்த கேபிள் போட வேண்டும். முகப்பு விளக்குக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் மின்னோட்டம் கைப்பிடித் தண்டின் குண்டுத் தாங்கிகளையும் கிரீஸையும் கடந்து வர வேண்டியிருக்கும். கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் விளக்கு மினுங்கினால் இதுவே காரணம்.

மூன்று சக்கர வண்டியில் இந்த விதிகள் இன்னும் முக்கியம். எஞ்சின் பின்னால், முகப்பு விளக்கு வெகு தூரம் முன்னால். ஆகவே பேட்டரியை ஸ்டார்ட்டருக்கு அருகே பின்புறம் வைத்து, முன்னால் போகும் கம்பிகளைத் தடிமனாகப் போடுவார்கள். பின்னால் இருபுறமும் விளக்குகள் வருவதால் பின்விளக்கு, பிரேக் விளக்குகளின் கணக்கு இரட்டிக்கும். ஃபைபர் கண்ணாடி உடலில் விளக்கைப் பொருத்தினால் அது மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கம்பி கட்டாயம் வேண்டும்.

பேட்டரி கடைசியில்

எல்லாக் கம்பிகளையும் பொருத்திய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். கழற்றும்போது எதிர்முனை முதலில். ஏன்? எதிர்முனை இணைந்திருக்கையில் நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டகத்தில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். மோதிரத்தையும் உலோகக் கடிகாரப் பட்டையையும் கழற்றி வையுங்கள். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். அருகில் தீப்பொறி கூடாது.

முதல் சோதனைக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. முதன்மை உருகியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 21 வாட் இழை விளக்கு ஒன்றை இணையுங்கள். எல்லா ஸ்விட்சுகளும் அணைந்திருக்கும்போது அது எரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது என்று பொருள். ஆனால் விளக்கின் தடை காரணமாக 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் கருகாது. பிழையை நிதானமாகத் தேடித் திருத்தி, விளக்கு அணைந்த பின் உருகியை வைக்கலாம்.

நம் நாட்டில் வண்டியின் அமைப்பை விருப்பம் போல் மாற்றிவிட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கும் வாகனங்களுக்கு உரிய விதிகளின்படி இடம் உண்டு. கூடுதல் இரு சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு விளக்கைக் கூடுதலாகப் பொருத்துவதானாலும், உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் ஹார்ன் ஒலிக்காமல் போனாலும் வழி ஒன்றே. தாளை எடுத்து வளையத்தை வரையுங்கள். மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வழியாகத் திரும்புகிறது என்றும் கேளுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் அகப்படும்.